அரிக்காத புள்ளிகள்

அந்தக் கட்டடத்தில் அந்த மாதம் எல்லோரும் சொறிந்துகொண்டிருந்தார்கள். புதுக் கம்பெனி டைல்ஸ் பசை மூட்டை மூட்டையாக வந்து இறங்கியதிலிருந்து கொத்தனார், பூச்சு வேலைக்காரர், குழாய் போடுகிறவர் என்று அத்தனை பேரும் வேலை பாதி, சொறிதல் பாதியாக நாளை ஓட்டினார்கள். மேற்பார்வைக்கு வந்த எஞ்சினியர் ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கார் வரைக்கும் கால்சட்டையில் கையைத் தேய்த்துக்கொண்டே போனார்.

சொறியாதவன் ஒருவன்தான். டைல்ஸ் மேஸ்திரி. கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிற ரசமட்டக் கட்டையை அவன் தூக்கத்திலும் கக்கத்தில் வைத்திருப்பான் என்று கேலி பேசிப் பேசி, கடைசியில் ரசமட்டம் என்பதே அவனுக்குப் பெயராகிவிட்டது. அவனுடைய உள்ளங்கைகளில்தான் புள்ளிகள் அதிகம். செம்பு நிறத்தில், பருப்பளவில், இரண்டு கையிலும் சேர்த்து முப்பதுக்கு மேல். ஆனால் அரிக்கவில்லை. துளிகூட அரிக்கவில்லை.

"இருபது வருஷமா சிமெண்டுல கெடக்குற கை. மரத்துப்போச்சு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டான். எஞ்சினியரிடம் சண்டை பிடித்துப் பசையை மாற்ற வைத்ததும் அவன்தான். பழைய கம்பெனிப் பசை திரும்பி வந்தது. பத்தே நாளில் எல்லோருடைய கையும் தெளிந்தது. அவனுடைய கை மட்டும் தெளியவில்லை. பாதத்திலும் வந்திருந்தது. பூட்ஸுக்குள் இருந்த பாதத்துக்குப் பசை எப்படிப் போயிற்று என்று யோசிக்க வேண்டியவன், வேர்வையாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

அடுத்தவன் போட்ட தரையில் நூலளவு ஏற்ற இறக்கத்தைக் கண்ணாலேயே பிடிக்கிற ஆள், தன் உடம்பு விஷயத்தில் அத்தனை மந்தம். இரண்டு மாதம் முன்பு மறைவான இடத்தில் ஒரு புண் வந்தது. சின்னதாக, வட்டமாக, விளிம்பு மட்டும் கெட்டியாக. வலியே இல்லை. வேலை அவசரத்தில் கை கழுவாமல் சிமெண்ட் கையோடு ஒன்றுக்குப் போனால் இந்தத் தொழிலில் யாருக்கும் அங்கே வெந்துபோகும். அவனுக்கே முன்பு இரண்டு தடவை ஆகியிருக்கிறது. இதுவும் அதுதான் என்று முடிவு கட்டினான். மூன்று வாரத்தில் புண் தானாகவே ஆறிவிட்டது. தானாக ஆறிய புண்ணை யார் மறுபடி நினைத்துப் பார்ப்பார்கள்?

நினைத்துப் பார்க்க அவனுக்கு நேரமும் இல்லை. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து மனைவி முழுகாமல் இருந்தாள். ஐந்தாவது மாதம். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் துணி தைக்கிற டெய்லர் அவள். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவாள். இந்த எட்டு வருடத்தில் மூன்று முறை நாள் தள்ளியதை நம்பி, மூன்று முறையும் ஏமாந்தவள் என்பதால், இந்தக் குழந்தைக்கு மூன்று மாதம் முடியும்வரை அவள் ஒரு சின்னச் சட்டைகூட வெட்டவில்லை. நான்காம் மாதம்தான் முதல் சட்டையைத் தைத்தாள். அதை ஆஸ்பத்திரி அட்டையோடு சேர்த்து பீரோவில் வைத்திருந்தாள். இரண்டாவது மாதத்திலேயே எடுத்த ரத்தப் பரிசோதனை எல்லாம் அந்த அட்டையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் எதிரே 'இல்லை', 'இல்லை' என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள்.

அவன் வாழ்க்கையில் இன்னொரு ஆளும் உண்டு. அதே கட்டடத்தில் ஒயரிங் வேலை பார்க்கிறவன். சட்டென்று எரிந்து சட்டென்று அணைகிற ஆள் என்பதால் பியூஸ் என்று பெயர். கல்யாணம் வேண்டாம் என்று தனியாக இருக்கிறான். இரண்டு பேருக்கும் நான்கு வருடப் பழக்கம். பியூஸின் வாடகை அறையில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஒருவருக்கொருவர் உடம்பைக் கொடுத்துக்கொண்டவர்கள். அதைவிடச் சிக்கல், ஒருவரையொருவர் உண்மையாகவே நேசித்தவர்கள். வெளியே யாருக்கும் சந்தேகம் கிடையாது. மேஸ்திரியின் மனைவி பியூஸை அண்ணே என்பாள், அவன் அவளைத் தங்கச்சி என்பான். அந்த உறவு முறையில் இரண்டு பேரும் மச்சான்கள். மச்சான் என்கிற சொல் ரொம்பத் தாராளமானது. அதன் நிழலில் எதை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம், ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு புதன்கிழமை காலை. மூன்றாம் மாடியில் ஒரு பாத்ரூம் தரையை முடித்துவிட்டு ரசமட்டம் வழக்கம்போலக் கரணைப் பிடியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டு வந்தான். அடியில் கலவை நிரம்பாமல் வெற்றிடம் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். மேலே பார்த்தால் எல்லா டைலும் ஒன்று போலத்தான் இருக்கும். அப்போது வாசலில் வந்து நின்றான் பியூஸ். எப்போதும் உள்ளே வரும்போதே எதையாவது கிண்டலடிப்பவன், அன்றைக்குப் பேசாமல் இரண்டு கையையும் விரித்து நீட்டினான்.

செம்பு நிறப் புள்ளிகள். பருப்பளவில்.

"அரிக்குதா?" என்றான் ரசமட்டம்.

"இல்ல."

"உனக்கும் சிமெண்டு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். பியூஸ் ஒயரையும் சுவிட்சையும் தவிர வேறெதையும் தொடமாட்டான். சுவரில் பள்ளம் எடுத்தால்கூடப் பூச ஆள் கூப்பிடுவான். கலவை கையில் பட்டால் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிற ஆள். "நீ சிமெண்டத் தொடவே மாட்டியே" என்றான் ரசமட்டம். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"நானும் அதைத்தான் ராத்திரி பூரா யோசிச்சேன்" என்றான் பியூஸ். "உன் கையில இருக்கிறது என் கையில எப்படி வந்துச்சு? நமக்குள்ள பொதுவா என்ன இருக்கு மச்சான், சொல்லு."

ரசமட்டம் கரணையைக் கீழே வைத்தான்.

"நான் உன்னைத் தவிர யார்கிட்டயும் போகல. நாலு வருஷமா" என்றான் பியூஸ். "மூணு மாசம் முன்னாடி நீ வெளியூர் ஹோட்டல் வேலைக்குப் போனியே, பதினஞ்சு நாள். அங்க யாரு?"

தங்கிய அறையில் கூட இருந்த பெயிண்டர். ஒரே ஒரு தடவை. ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே மறந்துபோன ஒரு தடவை. சொன்னான். பியூஸ் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தவனுக்கு அவன் கத்தாமல் உட்கார்ந்ததுதான் பயமாக இருந்தது.

"எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான் பியூஸ் கடைசியில்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் பின்னால் கடைசி அறை. கதவில் எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு, ஆலோசகர் அம்மா கதவைச் சாத்தினார். வயதானவர். எதையும் ஆச்சரியத்தோடு பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டவர்.

"சிபிலிஸ். மேகநோய்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. புண்ணு வந்திருக்குமே, வலிச்சிருக்காதே?"

"சிமெண்டு பட்டதுன்னு நெனச்சேன்."

"வலிக்காது. அரிக்காது. தானா ஆறிடும். அதான் இதோட கெட்ட குணம். ஆறுனா போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, உள்ள எறங்கிடுச்சுன்னு அர்த்தம். இந்தப் புள்ளியும் போயிடும். அப்புறம் வருஷக்கணக்கா சத்தமே இல்லாம இருந்துட்டு, ஒருநாள் கண்ணையோ மூளையையோ இதயத்தையோ பிடிக்கும்." அவர் எழுதிக்கொண்டே பேசினார். "ஆம்பளையும் ஆம்பளையும்னா ஒண்ணும் ஒட்டாதுன்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க. புண்ணு பட்டா ஒட்டும். எந்த எடம்னு அதுக்குக் கவலை இல்ல. பயப்படாதீங்க, மருந்துக்கு முழுசாக் கேக்கும்."

ரசமட்டத்துக்கு இடுப்பில் பென்சிலின் ஊசி. பியூஸுக்குச் சின்ன வயதில் அதே ஊசி போட்டு உடம்பெல்லாம் வீங்கியிருந்ததால், பதினான்கு நாளைக்கு மாத்திரை. முதல் ஏழு நாளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை அடுத்த புதன்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

"வீட்ல யாரு?" என்று ரசமட்டத்திடம் கேட்டார் ஆலோசகர்.

"மனைவி. அஞ்சு மாசம்."

பேனா நின்றது. அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அந்த அம்மாள் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது.

"அவளுக்கு எல்லாம் பாத்தாச்சும்மா. ரெண்டாவது மாசத்துலயே. ஒண்ணும் இல்லன்னு சீட்டு இருக்கு."

"அப்ப இல்ல. அதுக்கப்புறம் உங்களுக்குப் புண்ணு இருந்தப்ப அவங்ககூட இருந்தீங்களா?"

அவன் தலையாட்டினான்.

"அந்தச் சீட்டு இனி செல்லாது. ஆனா அதைப் பாத்து டாக்டருங்க யாரும் மறுபடி சோதிக்க மாட்டாங்க. நீங்க சொன்னாத்தான் தெரியும், உங்களை விட்டா வேற வழி இல்ல. இது வயித்துல இருக்கிற புள்ளைக்குப் போகும். சிலது தங்காது. தங்குனாலும் கண்ணு, காது, எலும்புன்னு எதையாவது எடுத்துக்கிட்டுத்தான் விடும். சீக்கிரம் ஊசி போட்டா பெரும்பாலும் காப்பாத்திடலாம். ஒவ்வொரு நாளும் முக்கியம். இன்னைக்குச் சாயங்காலமே கூட்டிட்டு வாங்க." ஒரு இளஞ்சிவப்புச் சீட்டில் தேதி முத்திரை குத்திக் கொடுத்தார். அதைக் காட்டினால் வரிசையில் நிற்க வேண்டாம்.

"அவகிட்ட சிமெண்டு அலர்ஜிக்கு ஊசின்னு சொல்லிப் போட்டுவிட முடியுமா?"

"என்னால முடியாது. அவங்க உடம்புல என்ன போகுதுன்னு அவங்களுக்குத் தெரியணும். எப்படி வந்துச்சு, யார் மூலமா வந்துச்சுன்னு நான் வாய் திறக்க மாட்டேன். அது உங்க பாடு."

இன்றைக்கே சொல்லிவிடுவது என்றுதான் ரசமட்டம் வீட்டுக்குப் போனான். இடுப்பு வலியோடு மாடிப்படி ஏறும்போது முதல் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டான். கதவைத் திறந்தவள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். குழந்தை அன்று மதியம் முதல் முறையாக உதைத்திருந்தது. அவன் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்தாள். பிறகு தன் கையை விரித்துக் காட்டினாள்.

"இங்க பாருங்க. உங்க வேலைத் துணியைத் துவைச்சுத் துவைச்சு உங்க சிமெண்டு அலர்ஜி எனக்கும் வந்துடுச்சு. நல்ல வேளை, அரிக்கல."

ஆறு புள்ளிகள். வலது கையில் நான்கு, இடது கையில் இரண்டு. அவனையே பார்த்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள்.

"ஆமா, சிமெண்டுதான்" என்றான். "இனிமே என் துணியை நானே துவைச்சுக்கறேன்."

வாசலினை எடுத்து வந்து அவனே அவள் உள்ளங்கையில் தடவிவிட்டான். எட்டு வருடத்தில் அவன் அப்படிச் செய்ததில்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை அவளுக்கு அவசரமாக ஒரு ஆர்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை அவளுடைய அக்கா வந்திருந்தாள். சனிக்கிழமை அவனுக்கே காய்ச்சலாக இருந்தது. கோழைக்குக் காரணமா கிடைக்காது? சட்டைப் பையில் இளஞ்சிவப்புச் சீட்டு வேர்வையில் நனைந்து காய்ந்து நனைந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் வாசலின் தடவும்போது புள்ளிகளை மனதுக்குள் எண்ணினான். ஒன்பது. பன்னிரண்டு. பதினேழு. தடவிக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் உதை விழும், அவள் சிரிப்பாள். அவனுக்கு மட்டும் அந்த உதை யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை பியூஸ் அவனைப் படிக்கட்டில் மடக்கினான்.

"தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லணும்."

"இன்னைக்கு நீ சொல்லல, நாளைக்கு நான் போய்ச் சொல்லுவேன். என்னை வெட்டிப்போட்டாலும் சரி. எட்டு வருஷம் காத்திருந்த பொண்ணுடா அது."

மறுநாள் காலையில் ரசமட்டம் அவனைத் தேடிப் போய்ச் சொன்னான். "சொல்லிட்டேன். அழுதா. நாளைக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போறேன்."

அதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் உண்மை. அன்று மாலை அவளிடம், பெரிய ஆஸ்பத்திரியில் சிமெண்டு அலர்ஜிக்கு ஒரு நல்ல ஊசி இருக்கிறது, தனக்கும் போட்டார்கள் என்று சொன்னான். அறைக்குள் போனதும் ஆலோசகர் அம்மா பாதியைச் சொல்வார், யாரிடமிருந்து என்பதை அவர் சொல்லமாட்டார், வெளியூரில் யாரோ ஒரு பெண் என்று தான் அழுது சமாளித்துவிடலாம் என்பது அவனுடைய திட்டம். மேலே மட்டமாக இருந்தால் போதும் என்று நினைத்தான். புதன்கிழமை காலையில் பியூஸ் மாத்திரை வாங்க வருவான் என்பது அந்தத் திட்டத்தில் இல்லை. பயந்தவனுக்குப் பொய் சொல்லத் தெரிந்த அளவுக்குக் கிழமை நினைவிருக்காது.

கடைசி அறைக்கு முன்னால் இருந்த பெஞ்சில் பியூஸ் உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் எழுந்தான். ரசமட்டம் கண்ணாலேயே வேண்டாம் என்றான். பியூஸ் அவனைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்துத்தான் நடந்து வந்தான். எதிரே நின்று இரண்டு கையையும் ஏந்தினாற்போல நீட்டினான்.

"தங்கச்சி. என்ன வேணாலும் திட்டு. மன்னிச்சிடும்மா."

"எதுக்குண்ணே?" என்றாள் சிரித்துக்கொண்டே. பிறகு அவன் கைகளைப் பார்த்தாள். "அய்யோ, உங்களுக்கும் சிமெண்டா?"

பியூஸ் விழித்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. திரும்பி ரசமட்டத்தைப் பார்த்தான். அதற்குள் காரியம் கை மீறிவிட்டது. அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. துணியை விரித்துப் போட்டு எங்கே வெட்டுவது என்று பார்க்கிற அதே கண்.

"நீங்க சிமெண்டத் தொடவே மாட்டீங்களேண்ணே" என்றாள் மெதுவாக.

அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள். பியூஸின் கையைப் பார்த்தாள். பிறகு கணவனின் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். ஊசி போட்டு ஏழு நாளில் அவனுடைய புள்ளிகள் மங்கத் தொடங்கியிருந்தன. மூன்று பேரின் கைகளும் ஒரே உயரத்தில் சற்று நேரம் நின்றன. அவள்தான் முதலில் விட்டாள்.

"அண்ணேன்னு கூப்பிட்டேனே" என்றாள் பியூஸிடம். அவன் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"சீட்டு இருக்கா?" என்று கதவைத் திறந்த நர்ஸ் கேட்டார். ரசமட்டம் பையிலிருந்து எடுத்ததை அவள் நடுவில் வாங்கினாள். மடிப்பைப் பிரித்தாள். முத்திரையைப் படித்தாள். இதுவரை நின்றுகொண்டிருந்தவள் அப்போதுதான் சுவரைப் பிடித்தாள்.

"போன புதன்கிழமை" என்றாள். "புள்ள மொதல்ல உதைச்ச அன்னைக்கு."

"இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"ஏழு நாளா என் கைக்கு வாசலின் தடவிவிட்டீங்களே."

அவன் கூட வர அடியெடுத்து வைத்தபோது அவள் திரும்பாமலே, "நீங்க உக்காருங்க" என்றாள். உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, அவள் வெளியே வர மதியமாகிவிட்டது. அந்த மூன்று மணி நேரமும் இரண்டு ஆண்களும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பியூஸ் ஒரே ஒரு தடவை பேசினான். "இனிமே என் ரூமுக்கு வராத" என்றான். ரசமட்டம் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவனோ மட்டம் பார்க்காமல் போட்ட தரை.

அவள் கொஞ்சம் நொண்டிக்கொண்டே வந்தாள். பின்னாலேயே வந்த ஆலோசகர் அம்மா அவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "துடிப்பு இருக்கு. புள்ளையோட ஈரல் கொஞ்சம் பெருசாத் தெரியுதுங்கறாங்க. ஊசி போயாச்சு, வாராவாரம் ஸ்கேன் பாப்போம். பொறந்தப்புறம் ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் எதையும் சொல்ல முடியும்."

"போன வாரமே வந்திருந்தா?" என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

"அதை யாரும் சொல்ல முடியாது" என்றார் அவர். "நீங்களும் தெரிஞ்சுக்கவே முடியாது."

அவள் ஆஸ்பத்திரி அட்டையைத் தன் பைக்குள் வைத்து மூடினாள். இனி அது அவளிடம்தான் இருக்கும் என்பது வைத்த விதத்திலேயே தெரிந்தது.

"அக்கா வீட்டுக்குப் போறேன். மிஷினை அங்க அனுப்பி வைங்க. பீரோவுல இருக்கிற சின்னச் சட்டையை நீங்க தொட வேண்டாம், அக்காவை விட்டு எடுத்துக்கறேன்."

"அக்கா கேட்டா என்ன சொல்லுவ?" என்றான். அந்த நேரத்திலும் அவனுக்கு அந்தக் கவலைதான் முதலில் வந்தது. அதை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழுத கண் இல்லை.

"சிமெண்டு ஒத்துக்கலன்னு சொல்றேன். எட்டு வருஷம் கழிச்சு உண்டான புள்ளைக்கு ஊர்ல வேற என்ன பேர் வாங்கிக் குடுக்கச் சொல்றீங்க? அந்தப் பொய் இனிமே எனக்கும் வேணும்." பையைத் தோளில் மாட்டினாள். "புள்ள பொறந்து ரத்தம் பாக்கற அன்னைக்கு வாங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம்."

நீளமான அந்த நடைகூடத்தில் ஒரு கையால் இடுப்பையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். பாதி தூரத்தில் சட்டென்று நின்றாள். குழந்தை உதைத்திருக்க வேண்டும். அவன் எழுந்து நின்றான். அவள் திரும்பவில்லை. சற்று நேரம் கழித்து மறுபடி நடந்தாள்.